வாசிக்க வந்தால் தைரியம் தானே வரும்

(நூலக வார விழாவில் ஆசிரியர்களும் பெற்றோர்களும் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் 'வாசிப்பும் தன்னம்பிக்கையும்' என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். தன்னம்பிக்கை என்று எழுதினாலே கூட்டம் சேர்ந்துவிடுகிறது. எழுந்து நின்று கைதட்டச் சொல்லும் பேச்சாளர் யாரோ வருகிறார் என்று நினைத்து வந்திருந்தால் மன்னிக்க வேண்டும். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கச் சொல்லிக்கொடுப்பதும், சொல்லிக்கொடுப்பவர்களோடு உட்கார்ந்து பேசுவதும்தான் என் தொழில். அதைப் பற்றி மட்டுமே எனக்குப் பேசத் தெரியும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பிள்ளைக்கு முதலில் தைரியத்தை ஊட்டிவிட்டு, அப்புறம் வாசிக்க வைக்கலாம் என்று நாம் நினைக்கிறோம். வரிசை தலைகீழ். தனக்கு வாசிக்க வருகிறது என்பது பிள்ளைக்கே தெரிகிற அன்றைக்குத்தான் தைரியம் வருகிறது. நாம் ஒட்டுகிற நட்சத்திரமும் 'சூப்பர்', 'வெரி குட்' எல்லாமும் அதற்குப் பிறகு செல்லும். அதற்கு முன்னால் செல்லாது. திக்கித் திக்கி நாலு வரியைக் கடந்த பிள்ளையைப் பார்த்து 'அருமையாப் படிச்சே' என்று சொன்னால் அதை முதலில் நம்பாதது அந்தப் பிள்ளைதான்.

இனி வகுப்பறைக்குள் போவோம். தமிழ்ப் பாடவேளை. ஒருவர் எழுந்து ஒரு பத்தி வாசிக்க வேண்டும், அடுத்தவர் அடுத்த பத்தி. நாம் எல்லோரும் இப்படித்தான் படித்தோம். நாலாம் வகுப்பில் மூன்றாவது வரிசையில் இருக்கும் பையனைக் கொஞ்சம் கவனியுங்கள். அவன் பாடத்தைக் கேட்கவில்லை. தனக்கு முன்னால் எத்தனை பேர் என்று எண்ணுகிறான். தனக்கு எந்தப் பத்தி வரும் என்று கணக்குப் போட்டு, அதற்குள் விரலை வைத்து, உதட்டை மட்டும் அசைத்து முனகிக்கொண்டிருக்கிறான். முன்னால் இருப்பவள் இன்றைக்கு லீவு என்றால் கணக்கு தவறிவிடும், முகம் வெளுத்துவிடும். எழுந்து நிற்கிறான். இரண்டாவது சொல்லில் மாட்டுகிறான். பின்னாலிருந்து யாரோ எடுத்துக்கொடுக்கிறார்கள். யாரோ சிரிக்கிறார்கள். ஆசிரியர், 'சரி உட்காரு, நெக்ஸ்ட்' என்கிறார். அவனுக்கு அன்றைக்குக் கிடைத்த வாசிப்புப் பயிற்சி அவ்வளவுதான். நாற்பது பேர் உள்ள வகுப்பில் நாற்பது நிமிடப் பாடவேளை என்றால் தலைக்கு ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடமும் அவமானத்தில் போனது.

இந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள் என்பதுதான் என் முதல் வேண்டுகோள். முன்கூட்டிப் பார்க்காத பகுதியை எந்தப் பிள்ளையையும் எல்லார் முன்னாலும் வாசிக்கச் சொல்லாதீர்கள். மேடையில் பேசும் நாமே குறிப்பை இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறோம்.

இன்னொரு வகைப் பிள்ளை உண்டு. பாடத்தைக் கடகடவென்று வாசிக்கும். ஆய்வுக்கு வரும் அதிகாரிக்கு மகிழ்ச்சி. அருகில் போய் விரலைப் பாருங்கள். வாய் மூன்றாவது வரியில் இருக்கும், விரல் இரண்டாவது வரியில் நகர்ந்துகொண்டிருக்கும். அது வாசிப்பு இல்லை, ஒப்பிப்பு. அதே பாடத்தில் உள்ள சொற்களை வைத்து ஒரு துண்டுத் தாளில் புதிதாக இரண்டு வாக்கியம் எழுதிக் கொடுங்கள், நின்றுவிடும். இதைச் சாமர்த்தியம் என்று சிலர் சொல்வார்கள். தனக்கு வாசிக்க வராது என்று உறுதியாகத் தெரிந்துவிட்ட பிள்ளை செய்துகொண்ட ஏற்பாடு அது. ஐந்தாம் வகுப்பு வரைகூட அதை வைத்து ஓட்டிவிட முடிகிறது.

ஏன் வருவதில்லை? பிள்ளை மக்கு என்பது பதில் இல்லை. எழுத்தைப் பார்ப்போம். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. இலக்கணத்துக்கு இந்தக் கணக்கு சரி. கண்ணுக்கு வேறு கணக்கு. துணைக்காலைக் கற்றுக்கொண்டால் கா, சா, டா, தா எல்லாம் ஒரே மூச்சில் வந்துவிடும். 1978-ல் தமிழக அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தில் ஒரு பகுதியை ஏற்றதால் ணா, றா, னா, ணை, லை முதலான 13 எழுத்துகளும் இந்த ஒழுங்குக்குள் வந்தன. ஆனால் உகர, ஊகார வரிசைகள் அப்படியே நின்றுவிட்டன. கு ஒரு மாதிரி, சு ஒரு மாதிரி, து ஒரு மாதிரி, மு ஒரு மாதிரி. சில எழுத்துகள் ஒன்றுக்கொன்று ஒத்திருந்தாலும் இவற்றைத் தனித்தனியாகத்தான் கண் பழக வேண்டும். கொம்பு இன்னொரு தொல்லை. 'கெ' என்பதில் கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு; வாயில் முதலில் வர வேண்டியது ககரம். 'கொ' என்றால் ககரத்துக்கு இரண்டு பக்கமும் ஆள் நிற்கிறது. 'கொடி' என்பதை 'கெ... கா...' என்று தடுமாறும் பிள்ளை கவனக் குறைவாக வாசிக்கவில்லை. நாம் சொன்னபடி இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக, ஒழுங்காகத்தான் வாசிக்கிறது.

கன்னடம் வாசிக்கும் பிள்ளைகளை ஆராய்ந்தவர் சோனாலி நாக். 2007-ல் வெளிவந்த அவருடைய கட்டுரை, இத்தகைய எழுத்துமுறையில் எழுத்துகள் முழுமையாகக் கைவருவதற்கு ஓரிரு ஆண்டு போதாது, நாலாம் வகுப்பு வரைகூட அது நீளும் என்று காட்டியது. தமிழில் எழுத்து குறைவு, கூட்டெழுத்து இல்லை. ஆனாலும் இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு 'நௌ' தெரியவில்லை என்று தலையில் அடித்துக்கொள்ள வேண்டியதில்லை.

நாம் செய்கிற தவறு, வரிசையைப் பாட்டாக்கிவிடுவது. க, கா, கி, கீ, கு, கூ என்று வகுப்பே கூரை அதிரப் பாடும். பாட்டை நிறுத்திவிட்டு 'கூ' என்று கரும்பலகையில் தனியாக எழுதிக் கேளுங்கள். பிள்ளை வாய்க்குள் 'க'விலிருந்து ஓட ஆரம்பிக்கும். ஓடி வந்து, எங்கே நிற்பது என்று தெரியாமல் நம் முகத்தைப் பார்க்கும். வரிசை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அகராதி பார்க்க அது வேண்டும். ஆனால் ட, ப, ம என்ற மூன்று எழுத்தோடு புள்ளியையும் சேர்த்துக் கொடுத்தால் முதல் வாரத்திலேயே படம், மடம், பட்டம், மட்டம் என்று நாலு சொல்லைப் பிள்ளை வாசித்துவிடும். வாசித்த சொல்லுக்குப் பொருளும் அதற்குத் தெரியும். அன்றைக்கு வீட்டுக்குப் போய் 'எனக்குப் படிக்கத் தெரியும்' என்று சொல்லும். 247-ஐயும் பாடிவிட்டு வரும் பிள்ளை அப்படிச் சொல்வதில்லை.

எழுத்தைத் தாண்டினால் மொழி. புத்தகத்தில் 'படித்தான்' என்று இருக்கிறது. பிள்ளை 'படிச்சான்' என்று வாசிக்கிறது. 'வீட்டில்' என்பதை 'வீட்ல' என்கிறது. 'வந்துகொண்டிருந்தாள்' என்பது 'வந்துக்கிட்டிருந்தா' ஆகிறது. நம்மில் பலர் இந்த இடத்தில் உடனே நிறுத்தித் திருத்துகிறோம். நான் அங்கே திருத்த மாட்டேன். அந்தப் பிள்ளை எழுத்தைப் பார்த்தது, சொல்லைப் பிடித்தது, பொருளையும் பிடித்தது, அதனால்தான் தன் வீட்டுப் பேச்சில் அதைச் சொல்கிறது. வாசிப்பில் நடக்க வேண்டியதெல்லாம் நடந்துவிட்டது. அதே பிள்ளை 'படம்' என்பதைப் 'பாடம்' என்று வாசித்துவிட்டு, ஆணியில் பாடத்தை மாட்டினார்கள் என்று கூச்சமில்லாமல் மேலே போனால், அங்கேதான் நாம் நிற்க வேண்டும். அங்கேயும் 'தப்பு' என்று வெட்ட வேண்டாம். வாக்கியம் முடியட்டும். 'ஆணியில எதை மாட்டினாங்க?' என்று கேளுங்கள். பெரும்பாலும் பிள்ளையே திரும்பிப் போய்ப் பார்த்துச் சிரிக்கும். தன் தவறைத் தானே பிடிக்கிற பிள்ளைக்கு நம் பாராட்டு அவ்வளவாகத் தேவைப்படாது. பேச்சுவழக்கைத் திருத்துவதற்கு எழுத்துப் பயிற்சி இருக்கிறது, மேல் வகுப்புகள் இருக்கின்றன. வாசிக்கப் பழகும் வாயை அதற்காக அடைக்கக் கூடாது.

நீளமான சொற்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'எழுதிக்கொண்டிருந்தவர்களிடம்' என்று ஒரு சொல் வந்தால் மூன்றாம் வகுப்புப் பிள்ளை எழுத்தெழுத்தாகக் கூட்டத் தொடங்கும். கடைசி எழுத்துக்கு வரும்போது முதல் எழுத்து மறந்துபோயிருக்கும். ஆசிரியர் செய்ய வேண்டியது சின்ன வேலை. ஆள்காட்டி விரலால் சொல்லின் பின்பகுதியை மூடுங்கள். 'எழுதிக்' மட்டும் தெரியட்டும். பிள்ளை அதைச் சொன்னதும் விரலை நகர்த்துங்கள்: 'கொண்டிருந்த'. பிறகு 'வர்களிடம்'. இப்போது விரலை எடுத்துவிட்டு முழுதாகச் சொல்லச் சொல்லுங்கள். இரண்டு மூன்று சொல்லுக்கு இப்படிச் செய்துகாட்டினால் போதும், நாலாவது சொல்லுக்குப் பிள்ளை தன் விரலையே வைத்து மூடிப் பார்க்கும். இதற்குப் பயிற்சிப் பட்டறையும் வேண்டாம், ஸ்மார்ட் போர்டும் வேண்டாம்.

தைரியம் வரும் வழிகளில் நான் அதிகம் நம்புவது மறுவாசிப்பை. அமெரிக்காவின் மினசோட்டாவில் ஜே சாமுவேல்ஸ் என்ற ஆய்வாளர் 1979-ல் எழுதிய கட்டுரை ஒன்று வாசிப்பு ஆசிரியர்களிடையே பிரபலம். ஒரு சிறு பகுதியை, தடையில்லாமல் வரும் வரை பிள்ளை திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டும். பிறகு அடுத்த பகுதி. முறை அவ்வளவுதான். அதில் அவர் கண்டது, அடுத்த பகுதியின் முதல் வாசிப்பே முன்னைக் காட்டிலும் நன்றாக வருகிறது என்பது. நமக்கோ ஒரு பாடத்தை ஒரு தடவை வாசித்து, கேள்வி பதில் எழுதி, அடுத்த பாடத்துக்கு ஓட வேண்டும். 'போர்ஷன்' முடிய வேண்டும். ஒரு வாரத்துக்கு ஆறேழு வரிதான், ஆனால் அது எல்லாப் பிள்ளைக்கும் சரளமாக வர வேண்டும் என்று ஒரு பருவம் மட்டும் முயன்று பாருங்கள். முதலில் நீங்கள் வாசியுங்கள். பிறகு எல்லோரும் உங்களோடு சேர்ந்து வாசிக்கட்டும். பிறகு இரண்டு இரண்டு பேராக. தனியாக வாசிப்பது வெள்ளிக்கிழமைக்கு இருக்கட்டும், அதுவும் விரும்பிக் கை தூக்குபவர்கள். எங்கள் ஊர்ப் பக்கம் கிணற்றில் நீச்சல் பழக்கும்போது இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டிவிடுவார்கள். கூட்டு வாசிப்பு அந்தக் குடுக்கை. கட்டியே வைத்திருக்கக் கூடாது என்பதும் உண்மை.

பிள்ளை தயங்கி நிற்கும்போது நாம் என்ன செய்கிறோம்? உடனே சொல்லைச் சொல்லிவிடுகிறோம். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் வகுப்பறைகளில் ஒலிப்பதிவு செய்து பார்த்தார். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் காத்திருந்த நேரம் சராசரியாக ஒரு விநாடிதான். அதை மூன்று விநாடி ஆக்கியபோது பதில்கள் நீண்டன. பதிலே இல்லாத மௌனம் குறைந்தது. மந்தம் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளும் பேசினார்கள். அவர் ஆராய்ந்தது அறிவியல் வகுப்பை. வாசிப்பு வகுப்புக்கு அது இன்னும் பொருந்தும் என்பது என் அனுபவம். மனசுக்குள் மூன்று எண்ணுங்கள். சக பிள்ளைகளுக்கும் விதி வையுங்கள்: வாசிப்பவர் கேட்டால் ஒழிய யாரும் எடுத்துக்கொடுக்கக் கூடாது. இந்த விதிக்கு நம் பிள்ளைகள் பழகக் கொஞ்ச நாள் ஆகும். எடுத்துக்கொடுப்பதில் அவர்களுக்கு அவ்வளவு ஆனந்தம்.

வகுப்பைப் பார்க்காமல் நிலையைப் பார்த்துப் பிரித்துக் கற்பிக்கும் முறையைப் பற்றி இங்கே பலருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பிரதம் என்ற தொண்டு நிறுவனம் அதை வளர்த்தது. அவர்களோடு சேர்ந்து அதைச் சோதித்த அபிஜித் பானர்ஜிக்கும் எஸ்தர் டூஃப்லோவுக்கும் 2019-ல் மைக்கேல் கிரெமரோடு சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது. 2022-ல் தொடங்கிய நம் தமிழக அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறது. பெயர்கள் அழகானவை. ஆனால் அரும்பில் இருப்பவருக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்பது இரண்டே நாளில் தெரிந்துவிடும். ஜூனில் அரும்பாக இருந்த பிள்ளை மார்ச்சிலும் அரும்பாகவே இருந்தால் அதற்குப் பெயர் கடைசி பெஞ்ச். குழுவைச் சில வாரத்துக்கு ஒருமுறை கலைத்து மறுபடி சேர்த்தால்தான் இந்த முறைக்கு உயிர். 2003-ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலில் எனக்குப் பிடித்தது இந்த நகர்ச்சிதான். பாடங்களை அட்டைகளாக அடுக்கிய ஏணிப்படியில் அவரவர் வேகத்தில் ஏறலாம். சுவரில் கீழ்மட்டக் கரும்பலகையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் இடம் இருந்தது. தப்பாக எழுதினால் கையால் அழித்துவிட்டு மறுபடி எழுதலாம், யாரும் மதிப்பெண் போட மாட்டார்கள். அட்டைகளை எண்ணி அடுக்குவதே வேலையாகிப்போன பள்ளிகளும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் அன்றைய ஆசிரியர்கள் என்னைச் சும்மா விட மாட்டார்கள்.

பிள்ளைக்குப் பிள்ளையே சொல்லிக்கொடுப்பது நம் மண்ணில் பழைய சங்கதி. திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை இருந்தார். 1789-ல் சென்னை எழும்பூரில் இருந்த ஆண் அநாதைகள் இல்லத்துக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், மணலில் எழுதிப் பழகும் நம்மூர்ப் பள்ளியைப் பார்த்தார். தம் இல்லத்திலும் அப்படிக் கற்பிக்கச் சொன்னார். ஆசிரியர்கள் இசையவில்லை. ஜான் ஃப்ரிஸ்கென் என்ற எட்டு வயதுச் சிறுவனைக் கூப்பிட்டுச் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க வைத்தார். அது பலித்தது. 1797-ல் லண்டனில் அதைப் பற்றிப் புத்தகம் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தெங்கும் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் விட்டுப்போன பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றைக்கும் மெட்ராஸ் காலேஜ் என்றுதான் பெயர். இங்கிலாந்துக்குப் போய் அந்த முறை ஆசிரியர் சம்பளத்தை மிச்சம் பிடிக்கும் வழியாகவும் சிறுத்துப்போனது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். இங்கேயும் 'கிளாஸ் லீடர்' கையில் குச்சியைக் கொடுத்தால் அதே கதிதான்.

நான் இதைக் கொஞ்சம் திருப்பிப் பயன்படுத்தச் சொல்வேன். நன்றாக வாசிக்கும் பிள்ளையைச் சொல்லிக்கொடுக்க அனுப்பாதீர்கள். வாசிக்க வராத ஐந்தாம் வகுப்புப் பிள்ளையை ஒன்றாம் வகுப்புக்குக் கதை வாசிக்க அனுப்புங்கள். ஒரு பள்ளியில் பார்த்தேன். பெரிய பையன், இரண்டாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்தால் வீசி எறிவான், அவமானம். அவனிடம், 'ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைங்களுக்கு வெள்ளிக்கிழமை நீதான் கதை வாசிக்கணும், டீச்சருக்கு வேலை இருக்கு' என்று சொல்லி, பக்கத்துக்கு ஒரு வரி உள்ள படக்கதைப் புத்தகத்தைக் கொடுத்தார்கள். அந்த எளிய புத்தகத்தைக் கையில் வைத்திருக்க அவனுக்கு இப்போது மரியாதையான காரணம் இருக்கிறது. வீட்டுக்கு எடுத்துப்போனான், தங்கையிடம் வாசித்துப் பார்த்தான். வெள்ளிக்கிழமை நாலைந்து சின்னப் பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து, படத்தை அவர்கள் பக்கம் திருப்பிக் காட்டி, யானைக்கு ஒரு குரல் எலிக்கு ஒரு குரல் போட்டு வாசித்தான். முடித்ததும் ஒரு குட்டிப் பெண், 'அண்ணா, இன்னொருக்கா' என்றாள். சாமுவேல்ஸ் சொன்ன மறுவாசிப்பு யாரும் வற்புறுத்தாமல் நடந்தது. அவனுக்கு யாரும் நட்சத்திரம் ஒட்டவில்லை.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. 'எனக்கே படிக்கத் தெரியாது, நான் என்ன சொல்லிக்கொடுக்க' என்று அம்மாக்கள் சொல்வார்கள். சொல்லிக்கொடுக்க வேண்டாம்மா. இரவு பத்து நிமிடம், 'நீ படி, நான் கேட்கிறேன்' என்று சொல்லிவிட்டுக் காது கொடுங்கள். கதை பிடித்திருந்தால் 'அப்புறம்?' என்று கேளுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை எவ்வளவு வேகமாகப் படிக்கிறது என்பதை மட்டும் அந்தப் பத்து நிமிடத்தில் பேசாதீர்கள்.

இதற்கெல்லாம் புத்தகம் வேண்டும். பாடநூல் போதாது, பாடநூலைப் பார்த்தாலே பயப்படும் பிள்ளைக்கு அது உதவவே உதவாது. புத்தகங்கள் இல்லாமல் இல்லை. 2023-ல் தமிழக அரசு தொடங்கிய வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகச் சின்னச் சின்னக் கதைப் புத்தகங்களைப் பள்ளிகளுக்கு அனுப்பியது. எழுத்து பெரிது, வரி குறைவு, படம் நன்றாக இருக்கிறது. அவை வந்து சேர்ந்த பள்ளிகள் பலவற்றில் எங்கே இருக்கின்றன என்பது நம் எல்லோருக்கும் தெரியும். தலைமையாசிரியர் அறை பீரோவில் இருக்கின்றன. கிழிந்தால், தொலைந்தால் கணக்குக் காட்ட வேண்டுமே என்ற பயம். அந்தப் பயம் நியாயமானது, தணிக்கைக்கு வருபவர்கள் கேட்கத்தான் செய்வார்கள்.

இங்கே தலைமையாசிரியர்கள் பலர் இருக்கிறீர்கள். என் கோரிக்கை உங்களிடம்தான். நாளைக்குத் திங்கட்கிழமை. பீரோவிலிருந்து முப்பது புத்தகத்தை வெளியே எடுங்கள். வகுப்பறையில் குறுக்கே ஒரு கயிறு கட்டி, பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் தொங்கவிடுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோகக் கேட்டால் கொடுங்கள். சில புத்தகங்கள் கிழியும், ஒன்றிரண்டு திரும்பி வராது. இருப்புப் பதிவேட்டில் 'மாணவர் பயன்பாட்டால் சேதம்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அந்த வரியை எழுத வேண்டிவந்த பள்ளியைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.